லுவார் ஆற்றங்கரையில் சைக்கிள் பயணம்: விசா முதல் கடைசிப் பாலம் வரை

பிரான்ஸில் நெவேர் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி, லுவார் ஆற்றை ஒட்டியே அட்லாண்டிக் கடல் வரைக்கும் ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. ‘லுவார் ஆ வேலோ’ என்று பெயர். சமதரை, வழிநெடுகக் கோட்டைகள், கல் பாலங்கள், பெரும்பகுதியில் காரும் லாரியும் கிடையாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் போகலாம். ஓட்டுவதில் சிரமமே இல்லை, அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள்தான் உயிர் போகிறது. விசாவுக்கு ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பீர்கள் என்று கேட்பார்கள். சைக்கிள் கடையில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். மழை வந்தால் ரயிலேறலாம் என்று பார்த்தால் ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கோட்டைப் படங்கள்தான் கிடைத்தன. ஆகவே ராஜா ராணி கதையை விட்டுவிட்டு காகிதம், காசு, நேரம் இந்த மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் ஷெங்கன் (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா ஏற்பாடு) விதி இதேதான். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம் என்பதால் 3-ஆம் படியைத் தாண்டிவிடலாம்.

1. முழுப் பாதைக்கு ஆசைப்படாதீர்கள்

முதல்முறைக்குத் தூர் நகரத்திலிருந்து ஒர்லியான் வரைக்கும் போதும். சுமார் 150 கிலோமீட்டர். ஷெனொன்ஸோ கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் 180 வரும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாறு நாள் வேலை. நல்ல பாலங்களில் பலவும் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. ஆற்றுக்கு இணையாக ரயில் பாதையும் ஓடுகிறது. ஓர் ஊரில் எடுத்த வாடகை சைக்கிளை இன்னோர் ஊரில் ஒப்படைக்கும் வசதியும் இங்கே உண்டு.

‘வண்டியே வராத பாதை’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பாதை இரண்டு வகை. ஒன்று ‘வுவா வேர்த்’, அதாவது பசுமை வழி. மோட்டார் வாகனத்துக்கு அனுமதியே இல்லை, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். இன்னொன்று கிராமத்துச் சாலை. அங்கே கார் வரும், ஆனால் எப்போதாவதுதான். இந்த இரண்டும் மாறி மாறி வரும். வரைபடத்தில் எது எந்த நிறம் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது முக்கியம். பாதையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரைபடமும் ஜிபிஎஸ் தடமும் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கி போனில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

எந்தத் திசையில் ஓட்டுவது? ஆறு போகிற திசையில், ஒர்லியானிலிருந்து தூருக்கு ஓட்டினால் இறக்கமாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது காற்றுதான். கடலிலிருந்து மேற்குக் காற்று அடிக்கும் சமவெளி அது. திறந்த கரையில் எதிர்க்காற்று பிடித்தால் 30 கிலோமீட்டர் 60 மாதிரி இருக்கும். ஆகவே மேற்கே தூரில் தொடங்கிக் கிழக்கே ஒர்லியானில் முடியுங்கள். தினமும் முதுகுக் காற்று கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கிடைக்கிற வாய்ப்பு கூடுதல். முடிகிற இடமும் பாரிஸுக்கு ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மே, ஜூன், செப்டம்பர். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஜூனில் ராத்திரி 10 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் அறை விலை ஏறும், கூடாரம் போடும் முகாம்கள் நிரம்பும், சில வருஷம் வெப்ப அலையும் வரும். குளிர்காலத்தில் பாதை திறந்துதான் இருக்கும், ஆனால் தங்குமிடங்கள் பல மூடியிருக்கும், ஆற்றில் வெள்ளம் வந்தால் தாழ்வான துண்டுகள் முழுகிவிடும். அப்போது மஞ்சள் பலகையில் ‘தேவியாசியோன்’ என்று மாற்றுவழி போட்டிருப்பார்கள். பிடிவாதம் பிடிக்காமல் அதன்படி போய்விடுங்கள்.

மே மாதம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. அசென்ஷன் திருநாளும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் விழும். வார இறுதியோடு ஒட்டிக்கொண்டால் நாலு நாள் தொடர் விடுமுறையாகிவிடும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

3. விசா

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. மற்றதெல்லாம் அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம்.

வேண்டியது ஷெங்கன் ‘சி’ வகைக் குறுகியகால விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாள் முன்பு வரைக்கும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள், கூடுதல் விசாரணை இருந்தால் 45 நாள் வரைக்கும் அவகாசம் உண்டு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய காரியம். ஜூன் பயணத்துக்கு பிப்ரவரியில் உட்கார்ந்துவிடுங்கள்.

முறை இதுதான். ‘பிரான்ஸ்-விசாஸ்’ என்ற அரசுத் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பத்தை நிரப்பி அச்செடுங்கள். அதில் வரும் எண்ணை வைத்து, தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் நிறுவனமான விஎஃப்எஸ்ஸின் மையத்தில் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். நேரில் போய் விரல்ரேகையும் போட்டோவும் கொடுங்கள். கடந்த 59 மாதத்துக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் பழையதையே எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. மையத்தில் எஸ்எம்எஸ், கூரியர், பிரீமியம் லவுஞ்ச் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயம் இல்லை.

பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் (வங்கி முத்திரையோடு), சம்பளச் சீட்டு, வருமானவரித் தாக்கல், அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், போய்வர விமான முன்பதிவு, இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

சைக்கிள் பயணிக்கு மட்டும் வரும் சிக்கல் தங்குமிடம். சாதாரண சுற்றுலாப் பயணி பாரிஸில் ஒரே ஹோட்டல் சீட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நாமோ தினம் ஓர் ஊரில் படுக்கிறோம். ‘வழியில் கிடைக்கிற இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்வோம்’ என்று கடிதத்தில் எழுதினால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும். காலியாக ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ள முன்பதிவாகப் பார்த்துப் போடுங்கள். பிறகு ஒரே தாளில் அட்டவணை: தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர், தங்குமிடப் பெயர், முகவரி, தொலைபேசி. வரிசை எண் போட்டு, அதே எண்ணை ஒவ்வொரு முன்பதிவுச் சீட்டின் மூலையிலும் எழுதிவிடுங்கள். வாங்கிப் பார்ப்பவருக்கு அரை நிமிஷத்தில் புரிய வேண்டும். சைக்கிள் வாடகை முன்பதிவையும் அதோடு வையுங்கள். ‘சைக்கிளில் 150 கிலோமீட்டர்’ என்ற வாக்கியத்துக்கு அதுதான் சாட்சி.

படுக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் காகிதமும் குறையும். வழியில் வரும் ஊர்களான அம்புவாஸில் இரண்டு ராத்திரி, ப்ளுவாவில் இரண்டு ராத்திரி என்று வைத்துக்கொண்டு, பையை அறையில் போட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களைச் சுற்றுவது உடம்புக்கும் நல்லது.

கையில் எவ்வளவு பணம் காட்டுவது என்பதற்குப் பிரான்ஸ் கணக்கு வைத்திருக்கிறது. ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய இது இன்னொரு காரணம்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக வேண்டும். வாங்குவதற்கு முன் விலக்குப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். சில பாலிசிகளில் ‘சாகச விளையாட்டு’ என்று ஒரு வரி இருக்கும். பொழுதுபோக்குக்கு ஓட்டும் சைக்கிளும் மின்சார சைக்கிளும் அதில் சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் ‘கவர் ஆகும் சார்’ என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

4. பாரிஸில் இறங்கித் தூருக்கு

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முகப்படமும் விரல்ரேகையும் பதியும் புதிய முறை கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. முதல்முறை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் பிடிக்கும். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நேராகத் தூர் பக்கம் போகும் ரயில்கள் நாளுக்குச் சில உண்டு. அவை நிற்கும் இடம் ‘சேன்-பியேர்-தே-கோர்’. தூர் என்று தேடியவர்கள் இந்தப் பெயரைப் பார்த்துக் குழம்பிவிடுவார்கள். அது தூரின் பக்கத்து ஊர், அங்கிருந்து இணைப்பு ரயிலில் நகர மைய நிலையத்துக்கு ஐந்து நிமிஷம். நேர் ரயில் சரிப்படவில்லை என்றால் பாரிஸ் நகரத்துக்குள் போய் மொன்பார்னாஸ் நிலையத்தில் பிடிக்க வேண்டும். அதிவேக ரயில் சீட்டு விமானச் சீட்டு மாதிரிதான், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மாற்ற முடியாத மலிவுச் சீட்டை விமானம் இறங்கும் அன்றைக்கே போட்டுவிட்டு விமானம் தாமதமானால் பணம் போச்சு.

பாரிஸில் ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் ‘கார் துய் நோர்’ ரயில் நிலையம், லா ஷப்பேல் பக்கம் போய்விட்டு வாருங்கள். நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊறுகாய், பருப்புப்பொடி ஏதாவது ஒரு சின்ன பாட்டில். எதற்கு என்பது 8-ஆம் படியில் தெரியும்.

5. சைக்கிள் வாடகை

சொந்த சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போகிறேன் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஒரு வாரப் பயணத்துக்கு அது வேண்டாத வேலை. தூர், அம்புவாஸ், ப்ளுவா, ஒர்லியான் எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். சாதாரண பயண சைக்கிள் நாளுக்கு 15 முதல் 20 யூரோ, வாரக்கணக்கில் எடுத்தால் குறையும். மின்சார சைக்கிள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். முன்பதிவு செய்யும்போதே உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். நம் ஆட்கள் ‘மீடியம்’ என்று எழுதினால் கால் தரையில் எட்டாத சைக்கிள் வரும்.

முன்பணம் முக்கியம். சைக்கிளுக்குச் சில நூறு யூரோவை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். பணத்தை எடுக்க மாட்டார்கள், முடக்கி வைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் இதற்கு ஏற்காத கடைகள் உண்டு. ஆகவே வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட, வரம்பு காலியாக உள்ள ஒரு கிரெடிட் கார்டு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கடையை விட்டு நகர்வதற்கு முன் சைக்கிளை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பழைய கீறல்களை அருகில் வைத்து எடுங்கள்.

பூட்டு, பம்ப், பஞ்சர் பெட்டி, உபரி டியூப், பின்பக்கம் மாட்டும் பைகள் எல்லாம் வாடகையில் அடக்கமா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்து, பிரேக். அங்கே இடது கைப்பிடி பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு. நம்மூர்ப் பழக்கத்தில் இடதுகையால் சட்டென்று அழுத்தினால் தூக்கி எறிந்துவிடும். கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

6. பாலங்கள்

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கிச் சொல்வதென்றால் இதுதான்: தினமும் எந்தக் கரையில் போகிறீர்கள், எந்தப் பாலத்தில் கடப்பீர்கள் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதை பெரும்பாலும் தெற்குக் கரையில் போகிறது. ரயில் நிலையங்கள் பெரும்பாலும் வடகரையில் இருக்கின்றன. அம்புவாஸ் கோட்டை தெற்கே, அம்புவாஸ் ஸ்டேஷன் வடக்கே. ஷோமோன் கோட்டை தெற்கே, அதற்கான ஸ்டேஷனோ எதிர்க்கரையில் ஒன்ஸானில். ப்ளுவா, மேர், போஜான்சி எல்லாம் வடகரை. மழை பிடித்தாலோ டயர் கிழிந்தாலோ ரயிலேற வேண்டும் என்றால் பாலம் வேண்டும், அந்தப் பாலம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றுதான் வரும். படகோ ஆழமில்லாத துறையோ கிடைக்குமா என்று பார்க்காதீர்கள். கோடையில் காவிரி மாதிரி மணல்திட்டு திட்டாக, இறங்கி நடந்து போய்விடலாம் போலத் தெரியும். இறங்கவே கூடாது, மணல் சரியும், அடியில் இழுப்பு இருக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: நாள் முழுக்க வண்டியில்லாத பாதையில் ஓட்டிப் பழகிய மனது பாலத்தில் ஏறும்போது அசந்து இருக்கும். இந்தப் பயணத்தில் கார், லாரி, பஸ் எல்லாம் உங்களை உரசிக்கொண்டு போவது பாலத்தின் மேல்தான். பார்க்க வந்த இடமும் அதுதான், பயப்பட வேண்டிய இடமும் அதுதான்.

தூரில் இருக்கும் வில்சன் பாலத்தில் அந்தக் கவலை இல்லை. 1778-இல் கட்டி முடித்த, 434 மீட்டர் நீளமுள்ள 15 வளைவுக் கல் பாலம். 1978 ஏப்ரலில் ஒரு பகுதி ஆற்றில் இடிந்து விழுந்து மறுபடி கட்டினார்கள். இப்போது டிராம், சைக்கிள், நடப்பவர்களுக்கு மட்டும். முதல் நாள் வாடகை சைக்கிளைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. டிராம் தண்டவாளத்தில் மட்டும் கவனம். தண்டவாளத்தின் இடுக்கு சைக்கிள் டயரை அப்படியே கவ்விக்கொள்ளும். குறுக்கே செங்கோணத்தில் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் விழுவது நிச்சயம். ஒர்லியானின் ஐந்தாம் ஜார்ஜ் பாலத்திலும் இதே டிராம் தண்டவாளம், இதே எச்சரிக்கை.

ப்ளுவாவில் ஜாக் கப்ரியேல் பாலம். 1716-இல் பனிக்கட்டி வெள்ளத்தில் பழைய பாலம் போன பிறகு 1724-இல் முடித்தது. நடுவில் முதுகு மாதிரி உயர்ந்திருக்கும். ஏறும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் நின்றால் பின்னால் வரும் காருக்கு இடம் இருக்காது. உச்சியில் ஒரு கூரான கல்தூண் நிற்கிறது. அங்கே படம் எடுக்க வேண்டும் என்றால் நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

போஜான்சிப் பாலம்தான் எனக்குப் பிடித்தது. இடைக்காலத்தது, 400 மீட்டருக்கு மேல் நீளம். கீழே கரையில் இறங்கி நின்று பார்த்தால் வளைவுகள் ஒன்று போல் ஒன்று இருக்காது. சில கூர்முனையாக, சில அரைவட்டமாக, இடிந்த போதெல்லாம் அந்தந்தக் காலத்துக் கொத்தனார் கைக்கு வந்தபடி கட்டியிருக்கிறார்கள். மேலே சாலை குறுகல். காலை 9 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ கடந்தால் நிம்மதி. நடுவில் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

நேரம் மிச்சம் இருப்பவர்கள் ஒர்லியானிலிருந்து இன்னும் கிழக்கே பிரியார் போகலாம். அங்கே ஆற்றுக்கு மேல் ஒரு கால்வாயே பாலமாகப் போகிறது. 1896-இல் திறந்த எஃகுத் தொட்டி, 662 மீட்டர். ஓரத்து நடைபாதை குறுகலானது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பக்கத்தில் படகு மிதந்து வரும்.

7. நாள்வாரியாக

தூர் – அம்புவாஸ், 28 கிலோமீட்டர் போல. முதல் பாதி கரை மேல் சமதரை. மோன்லூயி பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் சின்ன ஏற்றங்கள். ‘சமதரை என்றீர்களே’ என்று அங்கே என்னைத் திட்டுவீர்கள், அரை மணியில் முடிந்துவிடும்.

அம்புவாஸ் – ஷெனொன்ஸோ – அம்புவாஸ், போக 15, வர 15. இங்கே கோட்டையே ஆற்றின் மேல் பாலமாக நிற்கிறது. இது லுவார் இல்லை, ஷேர் ஆறு. உள்ளே சைக்கிள் போகாது, வாசலில் பூட்ட வேண்டும். கால் வலித்தால் தூரிலிருந்து ரயிலிலும் வரலாம், கோட்டை வாசலை ஒட்டியே ஸ்டேஷன்.

அம்புவாஸ் – ப்ளுவா, 40 கிலோமீட்டர் சொச்சம். ஷோமோன் வரைக்கும் கொஞ்சம் மேடு பள்ளம், பிறகு சமதரை.

ப்ளுவா – ஷாம்போர் – போஜான்சி, 50 கிலோமீட்டர். நீளமான நாள், சீக்கிரம் கிளம்புங்கள். ஷாம்போரில் 2026 தொடக்கத்திலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு நுழைவுச் சீட்டு தனி விலை, சுமார் 30 யூரோ. வெளியிலிருந்து பார்க்கவும் காட்டுக்குள் ஓட்டவும் காசு வேண்டாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அதற்கப்புறம் சேன்-லோரான் அணுமின் நிலையத்தை ஒட்டிப் பாதை போகும். கோட்டைக்குப் பிறகு அந்தக் குளிர்விப்புக் கோபுரங்கள் விநோதமாகத்தான் இருக்கும்.

போஜான்சி – ஒர்லியான், 30 கிலோமீட்டர். பெரும்பகுதி பசுமை வழி, மரநிழல்.

வழியில் வட்டார ரயிலில் ஏறுவதானால் சைக்கிள் படம் போட்ட பெட்டியைப் பாருங்கள். கோடையில் லுவார் வழித்தடத்தில் சைக்கிளுக்கென்றே கூடுதல் இடமுள்ள ரயில்கள் ஓடுகின்றன. சில ரயில்களில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள். சீட்டு எடுக்கும் திரையிலேயே அது தெரியும்.

8. சாப்பாடும் தண்ணீரும்

மத்தியானம் 12-லிருந்து 2 வரை, ராத்திரி 7-க்கு மேல். நடுவில் சமையலறை மூடிவிடும். மூன்று மணிக்குப் பசித்தால் பேக்கரி ரொட்டிதான், அதுவும் கிராமத்தில் மூடியிருக்கலாம். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கள்கிழமையும் பெரும்பாலான கடைகள் கிடையாது. சனிக்கிழமையே சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு நாளுக்கு வாங்கிப் பையில் போடுங்கள்.

சைவக்காரர்களுக்கு: ‘வெஜிடேரியன்’ என்றால் மீனை நீட்டும் ஆள் இன்னும் உண்டு. ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ என்று இரண்டையும் சொல்லுங்கள், கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று அர்த்தம். கீஷ் என்ற முட்டைப் பணியாரத்தில் பன்றிக்கறித் துண்டு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பாகெத் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, அந்த பாரிஸ் ஊறுகாய் இருந்தால் ஒரு வேளை ஓடிவிடும்.

தண்ணீருக்கு அங்கே சைக்கிள்காரர்களின் வழி கிராமத்துக் கல்லறை. செடிகளுக்கு ஊற்றுவதற்காகக் குழாய் வைத்திருப்பார்கள். ‘நோன் பொத்தாப்ள்’ என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது.

தங்குமிடம் தேடும்போது ‘அக்கேய் வேலோ’ முத்திரை உள்ளதைப் பாருங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க மூடிய இடம், பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாம் இருக்கும்.

9. அபராதம் விழும் இடங்கள்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தெரிந்ததுதான், ஆனால் காலையில் அறையிலிருந்து கிளம்பி முதல் திருப்பத்தில் கை தானாக இடப்பக்கம் போகும். ஊர்களுக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை.

காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ. போனைக் கையில் பிடித்தாலும் அதே. ஒரு காதில் மட்டும் மாட்டினேன் என்ற வாதம் செல்லாது. 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள். ராத்திரி ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். திராட்சைத் தோட்டத்தில் சுவை பார்க்கக் கூப்பிடுவார்கள், குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டம் சைக்கிளுக்கும் உண்டு. ஆபத்துக்கு 112.

10. செலவு, கடைசிக் கணக்கு

யூரோவுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்கிடுங்கள். இருவர் படுக்கும் அறை 70 முதல் 110 யூரோ. முகாமில் கூடாரம் போட்டால் இருவருக்கும் சேர்த்து அதில் கால்வாசிக்கும் கீழே. தங்குமிடத்தில் ஆளுக்கு ஒரு சின்ன சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், முன்பதிவு விலையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது. சாப்பாடு ஒரு வேளை உட்கார்ந்தும் மற்ற வேளை ரொட்டியும் என்றால் ஆளுக்கு நாளுக்கு 25 முதல் 35 யூரோ. கோட்டை நுழைவு ஒவ்வொன்றும் 15-லிருந்து 30. எல்லாக் கோட்டைக்கும் உள்ளே போனால் சைக்கிள் வாடகையைவிட அது அதிகமாகிவிடும். இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஒர்லியானில் சைக்கிளை ஒப்படைக்கும்போது கடை மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் பூட்டிவிடும் கடையும் உண்டு. அன்றைக்கே பாரிஸ் ரயில் என்றால் அது கழுத்தைப் பிடிக்கும். ஆள் நின்று சைக்கிளைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட தாளை வாங்குங்கள், அப்போதும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முடக்கிய முன்பணம் கார்டில் விடுபடச் சில நாள், சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். ஊருக்கு வந்து அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் அது விடுபட்டதைப் பார்க்கும் வரைக்கும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.